இறக்கத்துப் புகை

சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி, படகு, மலர்க் கண்காட்சி. மலை மேல் நாயுடுபுரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அது வீட்டுக் காவல். ஏப்ரல் கடைசியில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டால், கேட்டைத் திறந்து நம் வண்டியின் மூக்கை ரோட்டுக்கு நீட்டுவதற்கே யாராவது ஒரு புண்ணியவான் பிரேக் போட வேண்டும். இ-பாஸ் வந்தால் கூட்டம் குறையும் என்றார்கள். எனக்கென்னவோ குறைந்த மாதிரித் தெரியவில்லை. காய் வாங்க நடந்து போவேன், நடந்து வருவேன். மற்றபடி வீடுதான். வீட்டுக்குள் அவர்தான்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். இந்த மலையில் டூரிஸ்ட் கார் ஓட்டியே காலத்தைத் தள்ளியவர். வத்தலக்குண்டு ரோட்டில் எந்த வளைவில் எந்தக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சர்க்கரை முதலில் அவருடைய வலது கண்ணை வாங்கிக்கொண்டது. இடது கண்ணில் மிச்சம் இருந்த பார்வையைக் காப்பாற்ற, மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஊசி தவறினாலும் இருப்பது போய்விடலாம் என்று டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். அந்த அம்மா எப்போதும் சிரித்துப் பேசுகிறவர்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அடுத்தவன் ஸ்டியரிங்க நம்பி நான் ஏற மாட்டேன். இப்ப ஓட்டுறவனெல்லாம் ஒரு கையில போன வச்சிருக்கான்" என்றார். டாக்ஸிக்கும் அதே பதில். ஆக, ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இனிமேலாவது காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்த நான், கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் அவரே. பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பிள்ளையையும் அப்படித் திட்டியதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். "ரெண்டு பேரும் கீழ வந்துருங்கம்மா" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வாள். "கீழ வந்தா வேர்த்தே செத்துருவேன்" என்பார் இவர். நான் என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் சாயங்காலங்களில், அவருடைய ரேடியோ ஒரு பக்கமும் அவருடைய இருமல் ஒரு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்க, எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டும்.

எங்கள் கார் கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டி. கம்ப்யூட்டர் கிடையாது, ஏசி கிடையாது. கிளம்பும் முன் சோக்கை இழுத்துக் கொஞ்ச வேண்டும். டூரிஸ்ட் ஓட்டத்தை நிறுத்திய பிறகும் அவர் அதை விற்கவில்லை.

போன மே மாதத்தில் ஒரு ஊசி நாள். வெள்ளனே கிளம்பினோம். ஏறுகிற பக்கம் வண்டிகள் இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. இறங்குகிற பக்கமும் ஊர்ந்துதான் போக முடிந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி செகண்ட் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜினின் பிடியிலேயே மலை முழுக்க இறங்கினேன். அடிவாரத்தில் ரோடு சமமானதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் ரோட்டையே காணோம், புகை. அவர் திரும்பி உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"நீலப் பொகை. எண்ணெ எரியுது" என்றார். அன்றைக்கு அவருக்கு நிறம் தெரிந்தது.

வண்டி ரெண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. அவர் சொல்லச் சொல்ல ஸ்பார்க் பிளக்குகளை நான்தான் கழற்றினேன். நாலும் எண்ணெயில் குளித்திருந்தன. துடைத்து மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். பஸ்களெல்லாம் மேலே நெரிசலில் கிடந்தன. ஏறிப் போவதற்கும் ஒன்றும் வரவில்லை. மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போடும் அறையைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார்கள். அடுத்த முறை என்று தேதி கொடுத்தார்கள். அது சில வாரங்கள் தள்ளி இருந்தது.

அந்த வாரங்களில் அவர் போனை என்னிடம் நீட்டி, "யார்னு பாரு, கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்" என்பது அதிகமானது. கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். தம்ளரைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். மேஜையில் வைத்தால் ஆறும் வரை எடுக்கவில்லை. கண் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் தெரியுது, ஒன் சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் அடுத்த தேதிக்கு வண்டி மலை இறங்கியாக வேண்டும் என்பதை மட்டும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஜின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய், அந்த ஓஸ், வெடித்திருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போய், எண்ணெய் தாங்கும் ஓஸும் கிளிப்புகளும் வாங்கி வந்தேன். பானெட்டைத் தூக்கி வைத்து நான் குனிந்திருக்க, அவர் மோடாவைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் வேலை செய்தார்.

அப்போதுதான் அந்தக் குழாய்கள் எதற்கு என்று எனக்குத் தெரிய வந்தது. இன்ஜினுக்குள் பெட்ரோல் வெடிக்கும்போது கொஞ்சம் புகை பிஸ்டனைத் தாண்டிக் கீழே, எண்ணெய் கிடக்கும் அறைக்குள் இறங்கிவிடுமாம். அது வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைப் பீய்ச்சும். அதற்காக ஒரு ஓஸ் ஏர் ஃபில்டரிலிருந்து சுத்தமான காற்றை உள்ளே விடும். இன்னொரு ஓஸ் இன்ஜின் தலையிலிருந்து புகையை இழுத்து, கார்புரேட்டருக்குக் கீழே கொண்டுபோய் விடும். அங்கே இன்ஜினே அதை உறிஞ்சிப் பெட்ரோலோடு சேர்த்து எரித்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

"ஓஸு எங்கயும் தொங்கக் கூடாது. வயிறு வச்சா அங்க தண்ணி நிக்கும். நம்ம குளிருக்குத் தண்ணியும் எண்ணெயும் சேந்து வெண்ணெ மாதிரி ஆயிரும்."

"தொங்கலைங்க."

"சைலன்சர் பக்கம் போகுதா?"

"போகலைங்க."

"கையக் குடு." என் கையைப் பிடித்துக்கொண்டு தன் விரலை ஓஸ் மேல் முழு நீளத்துக்கும் ஓடவிட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க மடங்குது. வெட்டிக் கொறை" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு ஏன் விரலால் பார்க்கிறார் என்று என் மனதில் ஒரு முள் குத்தியது. மெக்கானிக் வேலை அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன்.

ஊருக்குள் ஓட்டினால் வண்டி பட்டு மாதிரி ஓடியது. அவர் சந்தோஷமாகப் பழைய டிரைவர் கதைகளை எடுத்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த காலை வேளையில், "தேங்காய் வாங்கிட்டு வரேன்" என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் பெருமாள்மலை வரை இறங்கினேன்.

அவர் இல்லாமல் அந்த ரோட்டில் நான் ஓட்டியது அதுதான் முதல் முறை. "கிளச்ச விடு, ஹாரன் அடி, ஓரம் கட்டு" என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டேன். இப்படியே கீழே போய், வத்தலக்குண்டைத் தாண்டி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று மகள் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. சும்மா வந்து போகிற நினைப்பு இல்லை. பெட்ரோல் முள்ளைக்கூடப் பார்த்தேன். பிறகு பெருமாள்மலையில் ரோடு கொஞ்சம் சமமான இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், கண்ணாடியில் அதே நீலப் புகை எழும்பியது. வண்டியைத் திருப்பினேன். திருப்பாமல் வேறு என்ன செய்வது? தேங்காய் வாங்க மறந்துபோனேன்.

திரும்பி ஏறும்போது புகை துளிகூட இல்லை. அதை யோசித்துக்கொண்டே வந்தேன். ஏறும்போது இல்லை, ஊருக்குள் இல்லை. காலை எடுத்துவிட்டு நெடுக இறங்கினால் மட்டும் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, அந்த ஓஸை இன்ஜின் தலையிலிருந்து உருவி, அதன் வாயைக் கட்டை விரலால் மூடிப் பார்த்தேன். விரலைக் கவ்விக்கொண்டு இழுத்தது. உள்ளே தடவினால் எண்ணெய் ஈரம். காலை மிதிக்காமல் சும்மா நிற்கும்போதே இந்த இழுப்பு என்றால், மலை முழுக்க இறங்கும்போது என்ன இழுப்பு இழுக்கும்? இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுவது போல, இந்த இன்ஜின் தன் எண்ணெயைத் தானே உறிஞ்சிக் குடித்துக்கொண்டு இறங்குகிறது.

ஓஸை மாட்டிவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். "ஏங்க, அந்த ஓஸுக்கு நடுவுல இழுப்பக் கொறைக்க ஒண்ணும் கெடையாதா?"

"வால்வு இருந்துச்சு. கழட்டிட்டேன்" என்றார், பெருமையாக. "அது ப்ளெயின்ஸ்ல ஓட்டுறவனுக்கு. இங்க குளிருல வெண்ணெ கட்டி அடைச்சுக்கும். அடைச்சா ஏத்தத்துல ஆயில் குச்சி வழியா எண்ணெ பீச்சும். நம்ம டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தன் வண்டியிலயும் அந்த வால்வு கெடையாது. எல்லாம் நேர் ஓஸுதான்."

"ஏத்தத்துக்குச் சரிங்க. எறக்கத்துல எண்ணெய இழுக்காதா?"

"கொஞ்சம் குடிக்கும். வத்தலக்குண்டுல எறங்குனா டிரைவருக்கு டீ, வண்டிக்கு ஆயில். அது வழக்கந்தான." சிரித்தார். "நான் ஓட்டுனப்ப எந்த வண்டி நின்னுச்சு? நீ எறங்குற எறக்கம் அப்படி."

அவர் ஓட்டிய காலத்தில் இன்ஜினுக்கு வயது குறைவு. இறக்கத்தில் அவர் கியரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து, நடுநடுவே ஆக்ஸிலேட்டரைத் தொட்டு ஓட்டுவார். அந்த வித்தை எனக்கு வராது என்று பயந்துதான் செகண்ட் கியர் வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். இப்போது பழி என் கால் மேல். எனக்கு வந்த கோபத்தில் உலை வைத்திருந்த அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். நின்று என்ன, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை நான்தான் செய்தேன்.

வால்வைப் புதிதாக வாங்கலாம். ஆனால் பாய் கடையில் கேட்டால் மறுநாளே ஸ்டாண்டு வழியாக இவர் காதுக்கு வந்துவிடும். இவர் எதையும் எறிகிறவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஷெட்டில் இருந்த பிஸ்கட் டப்பாக்களைக் கிளறினேன். மூன்றாவது டப்பாவில், துணியில் சுற்றி, கட்டை விரல் பருமனில் கிடந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்தவர் வண்டியில் வைத்திருக்கலாம். பெட்ரோலில் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆட்டிப் பார்த்தால் உள்ளே உருளை அசைந்து கடகடவென்றது. இழுப்பு கூடினால் அந்த உருளைதான் நகர்ந்து வழியைக் குறுக்கிவிடும் போலிருக்கிறது. ஒரு பக்கம் ஊதினால் காற்று போனது, மறுபக்கம் போகவில்லை. காற்று போகிற வாட்டத்தை கார்புரேட்டர் பக்கம் வைத்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

அவர் மத்தியானச் செய்தி கேட்கும் நேரம் பார்த்து மாட்டினேன். ஓஸைக் குறுக்கே வெட்டி, வால்வை நடுவில் செருகி, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கினேன்.

"அங்க என்ன சோலி பாக்குற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பேட்டரி தொடைக்கிறேங்க."

ஊசி நாள் வந்தது. வெள்ளனே கிளம்பினோம். ஏறுகிற வரிசை அன்றைக்கும் இருந்தது. நான் வேண்டுமென்றே பழையபடியே இறங்கினேன். செகண்ட் கியர், கால் மேலே. வளைவுக்கு வளைவு அவர், "இப்ப இடது, பாறை நீட்டிக்கிட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் சும்மா ஆமாம் போட்டேன். என் கவனமெல்லாம் கண்ணாடியில் இருந்தது. அடிவாரம் வந்தது. ரோடு சமமானது. மிதித்தேன். பின்னால் ரோடு தெரிந்தது, வாகை மரம் தெரிந்தது, பின்னால் வந்த வேன்காரன் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது. புகை இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஓரம் கட்டினேன். மலை இறங்கிய வண்டிகள் எல்லாம் அங்கே நின்று பிரேக்கை ஆறவிட்டுக் கொண்டிருந்ததால், கருகிய வாடை அந்த இடம் முழுக்க அப்பிக் கிடந்தது. "இன்ஜின நிறுத்தாத. நான் பாக்குறேன்" என்று அவர் இறங்கினார். வண்டியின் உடம்பில் கையை வைத்துக்கொண்டே பின்னால் போனார். நானும் இறங்கி, என் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் முன்னால் கொஞ்ச நேரம் பிடித்தேன். துணியில் ஒரு பொட்டுகூட இல்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பல நாளாகத் தயாராக இருந்த வாக்கியம் அது.

அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நீலமாத்தான் வருது. கொறைஞ்சிருக்கு. ஆனா வருது" என்றார்.

நான் குழாயைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவரைப் பார்த்தேன். அவர் முகம் குழாயின் பக்கம் இல்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, மண்ணைப் பார்த்து இருந்தது. கைக்குட்டையை விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வெயிலில் பளிச்சென்று இருந்தது. அவருடைய இடது கண் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

போன், தம்ளர், ஓஸ் மேல் ஓடிய விரல் எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் விழுந்தன. கண் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை.

"வருதா இல்லையா? நீ சொல்லு" என்றார்.

புகை நின்றுவிட்டது என்று சொன்னால் எப்படி நின்றது என்று கேட்பார். வால்வு என்றால், அந்த நேர் ஓஸால்தான் போன முறை வண்டி நின்றது என்பதும், அதனால்தான் ஊசி தவறியது என்பதும் அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இன்ஜின் விஷயத்தில் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் கண்ணைத் தன் கையாலேயே கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டதாக நினைத்துக்கொண்டு, மிச்சக் காலத்தை இருட்டில் உட்கார்ந்திருப்பார். அவரோடு நானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஆமாங்க" என்றேன். "லேசா வருது."

"நான் சொல்லல? வயசான இன்ஜினு. ரிங்கு தேஞ்சிருக்கும். ஓஸு மேல பழி போட்ட."

"ரிங்குதாங்க."

கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக் கதவு வரை நடத்தி வந்தேன். எப்போதும் உதறிவிடுகிறவர் அன்றைக்கு உதறவில்லை. "வெரசா போ, போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது" என்றார்.

வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும், கையில் கடிகாரம் கட்டியிருந்தவர் என்னிடம் மணி கேட்டார். சொன்னேன்.

"அப்ப முன்னாடியே வந்துட்டம்" என்றார்.